ஒரு நிறம், ஒரு பொருள்: எங்கள் அலுவலக சார்ட்டுகளை ஒழுங்குபடுத்திய அனுபவம்

ஒரு நிறுவனத்தின் சார்ட்டுகளுக்கு ஒரே மாதிரி நிறத் தொகுப்பு வேண்டும் என்று பேச்சு எழுந்தாலே, "என்ன கலர் வைக்கலாம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வி கொஞ்சம் பொறுக்கலாம். எந்த நிறம் எதைக் குறிக்கப்போகிறது, அதை யார், எங்கே, எந்தத் தாளில் பார்க்கப்போகிறார்கள் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் நிறங்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு மதியத்து வேலைதான். அந்தப் பதிலைத் தேடித்தான் எங்களுக்கு மாதக்கணக்கில் போனது.

நான் இருப்பது மதுரைப் பக்கம் தாய்சேய் நலம், ஊட்டச்சத்து சார்ந்து வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தின் தரவுப் பிரிவில். ஆண்டறிக்கை, ஒன்றிய அளவிலான காலாண்டு அறிக்கை, நிதி தருபவர்களுக்குக் காட்டும் பவர்பாயிண்ட், அங்கன்வாடிச் சுவரில் ஒட்டும் போஸ்டர் என்று எங்களிடமிருந்து போகும் எல்லாவற்றிலும் சார்ட் உண்டு. அவற்றை ஒருவரே செய்வதில்லை. களப் பிரிவில் ஒருவர் எக்செல்லில் போடுவார், அறிக்கை எழுதுபவர் இன்னொரு பதிப்பு எக்செல்லில் போடுவார், நான் ஆர் என்ற நிரல்மொழியில் போடுவேன், அச்சகத்தில் வடிவமைப்பவர் எல்லாவற்றையும் தன் கைக்கு வந்தபடி மறுபடி வரைவார். அதனால் ஒரே அறிக்கையில் நான்காம் பக்கத்தில் பெண் குழந்தைகள் ஆரஞ்சு, ஒன்பதாம் பக்கத்தில் அதே ஆரஞ்சு போன வருடம், இருபதாம் பக்கத்தில் அது ஒரு ஒன்றியத்தின் பெயர். படிப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக ஒரு மொழி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. களத்தில் பல வருடம் இருந்த மேற்பார்வையாளர் அக்கா ஒருவர் கூட்டத்தில் நேராகவே கேட்டார்: "தம்பி, இதுல எது போன வருஷம், எது இந்த வருஷம்? ஒவ்வொரு தடவையும் மாறுதே." சார்ட்டைப் பற்றி அதைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

முதலில் செய்தது, முந்தைய சில ஆண்டுகளின் அறிக்கைகளில் இருந்த சார்ட் எல்லாவற்றையும் அச்செடுத்துப் பெரிய அறையின் சுவர் முழுக்க ஒட்டியது. திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போது தெரியாத விஷயம், எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது தெரிந்துவிடும். ஒட்டியபின் நிறங்களைப் பார்க்காமல், சார்ட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பொருள்களை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். எங்கள் வேலையில் அவை நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆண், பெண். முந்தைய ஆண்டு, இந்த ஆண்டு. நாங்கள் வேலை செய்யும் ஒன்றியம், மற்ற ஒன்றியங்கள், மாநில சராசரி. குழந்தைகளின் எடை நிலை. எட்ட வேண்டிய இலக்கு. கிட்டத்தட்ட எல்லா சார்ட்டும் இதற்குள் அடங்கிவிட்டது. உங்கள் நிறுவனம் கடையோ கல்லூரியோ எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு சின்னப் பட்டியல்தான் கிடைக்கும் என்று நம்புகிறேன். அந்தப் பட்டியல் இல்லாமல் நிறம் தேடப் போகாதீர்கள்.

பட்டியல் கையில் வந்ததும் முதலில் சாம்பல் நிறத்தை எடுத்துவைத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்திருப்பது எதுவோ அது சாம்பல்: முந்தைய ஆண்டு சாம்பல், மற்ற ஒன்றியங்கள் சாம்பல். பேசப்படுவது மட்டும் நிறத்தில். பதின்மூன்று ஒன்றியங்களுக்குப் பதின்மூன்று நிறம் கொடுத்துப் பக்கத்தில் ஒரு நீளமான குறிப்புப் பெட்டி வைத்த சார்ட்டில் கண் பெட்டிக்கும் கோட்டுக்கும் நடுவே அலைந்துகொண்டே இருக்கும். அதையே பன்னிரண்டு சாம்பல் கோடு, ஒரு அடர் நீலக் கோடு, நீலத்தின் முனையில் ஒன்றியத்தின் பெயர் என்று போட்டால், சொல்ல வந்தது அங்கேயே இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு மீதியை விட்டிருந்தாலும் எங்கள் அறிக்கைகள் பாதி தேறியிருக்கும்.

அப்புறம் லோகோ. எல்லா நிறுவனத்திலும் இது வரும். "நம்ம லோகோ கலரையே சார்ட்டுக்கும் வைங்க" என்று இயக்குநர் சார் சொன்னார், அவர் ஆசை நியாயமானதுதான். எங்கள் லோகோ பச்சையும் சிவப்பும். சிக்கல் என்னவென்றால், சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறை உண்டு, பெண்களில் 0.5 சதவீதம்தான். இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கு அதிகம். நம் ஊரில் விகிதம் குறைவாக இருக்கலாம், ஆனால் இல்லாமல் இல்லை. எங்கள் அலுவலகத்திலேயே இளைய சகா ஒருவர், மாதிரி சார்ட்டைக் காட்டியபோது, "அண்ணா, எனக்கு ரெண்டு பட்டையும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார். அத்தனை வருடமும் அவர் சத்தமில்லாமல் எண்களை மட்டும் படித்துச் சமாளித்திருக்கிறார். அதன்பின் லோகோ நிறம் அட்டைக்கும் தலைப்புப் பட்டைக்கும் போதும், சார்ட்டுக்குள் வேண்டாம் என்பதை இயக்குநர் சார் தானே சொல்லிவிட்டார்.

தமிழ்நாட்டில் நிறம் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிவப்பும் கருப்பும் அடுத்தடுத்து வந்தால் நம் கண் அதைக் கொடியாகத்தான் படிக்கும். காவியும் அப்படித்தான், நீலமும் சிவப்பும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். ஊராட்சித் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒரு ஒன்றியத்தின் பட்டை சிவப்பு-கருப்பில் நின்றால், பேச்சு ஊட்டச்சத்தில் இருந்து விலகிவிடும். அதனால் எங்கள் தொகுப்பில் தனிச் சிவப்பும் இல்லை, காவியும் இல்லை.

நிறக்குருடு உள்ளவர்களுக்கும் பிரித்துத் தெரியும் நிறங்களைத் தேடினால் எல்லோரும் வந்து சேரும் இடம், ஜப்பானிய ஆய்வாளர்கள் மசடாகா ஒகாபேயும் கெய் இடோவும் பரிந்துரைத்த எட்டு நிறத் தொகுப்பு. கருப்பைத் தவிர்த்து மீதி ஏழின் ஆர்.ஜி.பி. எண்கள், அதாவது கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எவ்வளவு சேர வேண்டும் என்ற அளவு: ஆரஞ்சு 230, 159, 0. வான நீலம் 86, 180, 233. நீலப்பச்சை 0, 158, 115. மஞ்சள் 240, 228, 66. நீலம் 0, 114, 178. செங்கல் சாயல் சிவப்பு 213, 94, 0. இளஞ்சிவப்பு ஊதா 204, 121, 167. நல்ல தொகுப்பு, நாங்களும் அதில் இருந்துதான் தொடங்கினோம். ஆனால் அப்படியே எடுத்துப் போட்டுவிட முடியவில்லை, அதற்குக் காரணம் ஜெராக்ஸ்.

எங்கள் ஒன்றிய அலுவலகங்களில் கலர் பிரிண்டர் கிடையாது. கலரில் நாங்கள் அனுப்பும் அறிக்கை அங்கே கருப்பு வெள்ளையில் அச்சாகி, அது மறுபடி ஜெராக்ஸ் ஆகித்தான் களப்பணியாளர் கைக்குப் போகிறது. அந்தத் தாளில் நிறத்தின் பெயருக்கு வேலையே இல்லை, அது எவ்வளவு அடர்த்தி என்பது மட்டும்தான் மிஞ்சும். மேலே சொன்ன தொகுப்பில் நீலப்பச்சை, செங்கல், ஊதா மூன்றும் திரையில் அழகாகப் பிரிந்து தெரிந்தாலும் அவற்றின் ஒளிர்வு கிட்டத்தட்ட ஒன்றே. ஜெராக்ஸில் மூன்றும் ஒரே சாம்பல். மஞ்சளின் நிலைமை வேறு, வெள்ளைத் தாளில் அது காணாமலே போய்விடும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் படிக்க உதவ வேண்டும் என்பதற்கான சர்வதேச வழிகாட்டியின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, சார்ட்டில் பொருள் சொல்லும் பகுதிகளுக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3க்கு 1 என்ற வேறுபாட்டு விகிதம் வேண்டும் என்கிறது. சாதாரண எழுத்துக்கு 4.5. கருப்பு மை, வெள்ளைத் தாள் என்றால் 21. அந்த மஞ்சளுக்கு வெள்ளையில் கிடைப்பது 1.3தான். ஆரஞ்சுக்கும் வான நீலத்துக்கும் 2.3க்குப் பக்கம். நீலத்துக்கு 5.2, அது தாராளமாகத் தேறும். இணையத்தில் இதைக் கணக்கிட்டுத் தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன, இரண்டு நிறத்தின் எண்ணைக் கொடுத்தால் போதும்.

அதனால் நாங்கள் நிறத்தோடு அடர்த்தியையும் சேர்த்துத் திட்டமிட்டோம். எந்த இரண்டு பொருள்கள் ஒரே சார்ட்டில் அடுத்தடுத்து வருமோ, அவை இரண்டும் அடர்த்தியில் தெளிவாக வேறுபட வேண்டும். பெண்ணுக்கு அடர் ஊதா 110, 40, 120. ஆணுக்கு நீலப்பச்சை 0, 158, 115. ஜெராக்ஸில் ஒன்று கருப்புக்குப் பக்கம், இன்னொன்று நடுச் சாம்பல், குழப்பம் இல்லை. இந்த ஆண்டுக்கு அடர் நீலம் 18, 67, 109. முந்தைய ஆண்டுக்கு சாம்பல் 165, 165, 165. உடனே கவனிக்க வேண்டியதற்கு மட்டும் செங்கல் 213, 94, 0, அதை அலங்காரத்துக்கு யாரும் தொடக்கூடாது. மாநில சராசரியும் இலக்கும் நிறமே இல்லாமல் கருப்புக் கோடு: சராசரி என்றால் விட்டுவிட்டு, இலக்கு என்றால் முழுதாக. அந்தச் சாம்பலின் விகிதம் 3க்குக் கீழேதான், அது எனக்குத் தெரியும். ஒப்பீட்டுக்கு இருப்பது பின்னால் போகட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்து, எண்ணைப் பக்கத்திலேயே கருப்பில் அச்சிடுகிறோம்.

குழந்தைகளின் எடை நிலைக்கு மட்டும் நாங்கள் நிறம் தேர்ந்தெடுக்கவே இல்லை. அங்கன்வாடியில் இருக்கும் வளர்ச்சிக் கண்காணிப்பு அட்டையில் இயல்பான எடை பச்சைப் பகுதி, மிதமான எடைக்குறைவு மஞ்சள், கடுமையான எடைக்குறைவு ஆரஞ்சு. பணியாளர் அக்காக்களும் குழந்தையைத் தூக்கிவரும் அம்மாக்களும் அதைப் பார்த்துப் பழகியவர்கள். அங்கே போய் நாங்கள் நீலம், ஊதா என்று புதிதாக ஒன்றை வைத்தால் அவர்கள் கற்றதை அழிப்பது போல ஆகும். வடிவமைப்புக் கண்ணோடு பார்த்தால் அந்த மூன்றும் சிறந்த தேர்வு இல்லைதான். இருந்தாலும் புழக்கத்தில் ஊறிய அர்த்தம் பெரியது. அப்படியே வைத்துக்கொண்டோம். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் மெல்லிய கருப்பு விளிம்பு, உள்ளே எழுத்தில் பெயர், அதோடு அந்த மூன்று நிறமும் வேறு எந்த சார்ட்டிலும் வரக்கூடாது என்ற விதி. உங்கள் துறையிலும் இப்படி ஏற்கெனவே முடிவாகிப்போன நிறங்கள் இருக்கும். முதலில் அவற்றைக் கண்டுபிடியுங்கள்.

நிறங்களுக்குப் பெயர் வைத்தது சின்ன வேலை, பலன் பெரியது. "அந்த ரெண்டாவது பச்சை" என்று போனில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, எண்ணைச் சொன்னாலும் நினைவில் நிற்பதில்லை. புடவைக்கடைப் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றையே எடுத்துக்கொண்டோம்: மயில் கழுத்து, கத்தரிப்பூ, செங்கல். அடர் நீலத்துக்கு எம்.எஸ். நீலம். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய காஞ்சிப் பட்டால் புழக்கத்துக்கு வந்த பெயர் அது, கடையில் கிடைக்கும் நீலத்துக்கும் எங்கள் நீலத்துக்கும் சாயல் கொஞ்சம் மாறலாம், ஆனால் "எம்.எஸ். நீலத்துல போடு" என்றால் இப்போது அச்சகத்தில் இருப்பவருக்கும் எது என்று தெரிகிறது.

நிறம் ஒழுங்கானாலும் சார்ட் தப்பாகப் பேசலாம் என்பதைத் தமிழ்நாட்டின் எண்களை வைத்தே சொல்கிறேன். தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில், அதாவது 2015-16இல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 55.0 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்தாம் சுற்றில், 2019-21இல், 53.4. இந்த இரண்டு எண்ணையும் கொடுத்துப் பட்டை சார்ட் கேட்டுப்பாருங்கள். எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சை, அதாவது பட்டையை அளக்கும் அளவுகோலை, பூஜ்யத்துக்கு மேலே எங்கோ தொடங்கிவிடும். அச்சு 50இல் தொடங்கினால் ஒரு பட்டை 5 அளவு, இன்னொன்று 3.4 அளவு. பார்ப்பவருக்கு ரத்தசோகை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் குறைந்தது 1.6 சதவீதப் புள்ளி. மேடையில் கைதட்டல் கிடைக்கும், அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்துக்கு யாரும் கவனம் கொடுக்க மாட்டார்கள். பட்டை என்றால் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும், எங்கள் அலுவலகத்தில் இதற்கு விலக்கே கிடையாது. பட்டையின் நீளத்தைத்தான் கண் படிக்கிறது, நீளத்தை வெட்டினால் சார்ட் பொய் சொல்கிறது. கோடு அப்படி இல்லை. அதில் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கிறோம், தேவைப்பட்டால் அச்சை மேலே தொடங்கலாம், தொடங்கிய இடத்தைத் தெளிவாக எழுதினால் போதும்.

அதே ஆய்வில் மருத்துவமனைப் பிரசவம் 98.9இல் இருந்து 99.6. இதற்கு சார்ட்டே வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும். சார்ட் போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதை எங்கள் ஆட்கள் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆனது.

இன்னொரு பொறி, ஏறுவது எல்லாம் பச்சை, இறங்குவது எல்லாம் சிவப்பு என்று போடும் பழக்கம். 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுத் தடுப்பூசி பெற்றவர்கள் 69.7இல் இருந்து 89.2ஆக ஏறியது நல்ல செய்தி. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை 50.7இல் இருந்து 57.4ஆக ஏறியது கவலையான செய்தி. வயதுக்கேற்ற உயரமின்மை 27.1இல் இருந்து 25.0ஆக இறங்கியது நல்லது. மூன்றையும் ஒரே பக்கத்தில் அம்புக்குறியும் பச்சை சிவப்பும் போட்டு வைத்தால் படிப்பவர் தலை சுற்றும். நாங்கள் மூன்றுக்கும் ஒரே சாம்பல், ஒரே எம்.எஸ். நீலம், குழந்தைகளின் ரத்தசோகைக்கு மட்டும் நீலத்துக்குப் பதில் செங்கல். அந்தப் பக்கத்தைத் திறந்தவுடன் எந்த இடத்தில் வேலை பாக்கி இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. எனக்குத் தனிப்பட்ட முறையில் எங்கள் அறிக்கையிலேயே மிகப் பிடித்த பக்கம் அது.

பை சார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவுகோலில் உள்ள இடத்தை மனிதக் கண் மிகச் சரியாக ஒப்பிடுகிறது, நீளம், கோணம், பரப்பு, நிற அடர்த்தி என்று போகப்போகத் துல்லியம் குறைகிறது என்று காட்டினார்கள். பை சார்ட் கோணத்தையும் பரப்பையும் நம்பி நிற்கிறது. இரண்டு மூன்று துண்டுக்குச் சரி. ரத்தசோகை, உயரமின்மை, எடைக்குறைவு மூன்றையும் ஒரே வட்டத்தில் துண்டுபோட்ட சார்ட்டை எங்கள் சுவரில் பார்த்தோம். ஒரே குழந்தைக்கு மூன்றும் இருக்கலாம், அவை கூடி நூறு ஆவதே இல்லை.

மாவட்ட மேப்புக்கு வருகிறேன், இங்கேதான் நிறம் அதிகம் தவறாகப் பயன்படுகிறது. வானவில் நிறங்களை அளவுக்குப் பயன்படுத்தாதீர்கள். நீலம் பெரிதா மஞ்சள் பெரிதா என்பதற்குக் கண்ணிடம் இயல்பான பதில் கிடையாது, அதோடு மஞ்சள் இருக்கும் இடம் இல்லாத முக்கியத்துவத்தோடு எழுந்து நிற்கும். பைத்தான் நிரல்மொழியில் சார்ட் வரைய உதவும் மேட்பிளாட்லிப் வெகுகாலம் அப்படி ஒரு வானவில் தொகுப்பைத்தான் தானாகப் போட்டுக்கொண்டிருந்தது. 2017இல் வந்த 2.0 பதிப்பில்தான் விரிடிஸ் என்ற, இருட்டில் இருந்து வெளிச்சத்துக்குச் சீராக நகரும் தொகுப்புக்கு மாறினார்கள். மேப்புக்கென்றே அமெரிக்கப் புவியியலாளர் சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் இலவசமாக இருக்கிறது, அதில் ஒரே நிறம் வெளிறியதில் இருந்து அடர்த்திக்குப் போகும் தொகுப்பில் ஐந்து படி எடுத்தால் எங்கள் வேலைக்குப் போதும். இரண்டு பக்கமும் வேறு வேறு நிறம் பிரியும் தொகுப்பு வேண்டும் என்றால் நடுவில் உண்மையான ஒரு மையம் இருக்க வேண்டும், மாநில சராசரிக்கு மேல், கீழ் என்பது போல. அது இல்லாமல் அழகுக்காக இரண்டு நிறம் வைப்பதை நிறுத்திவிட்டோம்.

தமிழ்நாட்டு மேப்பில் நிறத்துக்கு முன்பே இன்னொரு சிக்கல் இருக்கிறது. இப்போது 38 மாவட்டங்கள். ஐந்தாம் சுற்று ஆய்வு தந்திருப்பது 32 மாவட்டங்களின் எண்கள், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் 32தான். தென்காசி 2019இல் திருநெல்வேலியில் இருந்து பிரிந்தது, மயிலாடுதுறை 2020இல் நாகப்பட்டினத்தில் இருந்து. புதிய எல்லைகளை வைத்துக்கொண்டு தென்காசிக்குத் திருநெல்வேலியின் எண்ணைப் போட்டு நிறம் தீட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தென்காசியை யாரும் தனியாக அளக்கவில்லை, அளந்தது போல மேப் சொல்கிறது. தரவு எந்த எல்லையில் சேகரிக்கப்பட்டதோ அந்த எல்லையிலேயே மேப் போட்டு, அடியில் "2017 நிலவரப்படி 32 மாவட்டங்கள்" என்று எழுதுவதை விதியாக்கினோம். இன்னொன்று, மேப்பில் ஈரோடு பெரிதாகத் தெரியும், சென்னை புள்ளியாக நிற்கும், மக்கள்தொகையில் கதை தலைகீழ். மாவட்டங்களை ஒப்பிடத்தான் கேட்கிறார்கள் என்றால் மேப்புக்குப் பக்கத்தில் வரிசைப்படுத்திய பட்டை சார்ட் ஒன்றையும் வைத்துவிடுகிறோம்.

தமிழில் சார்ட் போடுபவர்களுக்கு என்று சில விஷயங்கள் தனியாக உண்டு. நம் சொற்கள் நீளம். "முழுத் தடுப்பூசி பெற்ற 12-23 மாதக் குழந்தைகள்" என்பது நிற்கும் பட்டைக்கு அடியில் அடங்கவே அடங்காது, உடனே மென்பொருள் எழுத்தைச் சாய்த்துவிடும், சாய்ந்த தமிழைப் படிக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். பட்டைகளைப் படுக்கவைத்துவிட்டால் பெயர்கள் இடப்பக்கம் நேராக, இரண்டு வரியில்கூட நிற்கும். கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீளும் எழுத்துகள் நமக்கு அதிகம் என்பதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்ட வேண்டும், மிக மெல்லிய எழுத்துருவைத் தவிர்க்க வேண்டும். நாங்கள் நோட்டோ சான்ஸ் தமிழ் ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டோம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த கோப்புகள் வேறு கணினியில் திறந்தால் படிக்க முடியாத குப்பையாகிவிடும், அவற்றை ஒருமுறை உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நிம்மதி. மேட்பிளாட்லிப்பில் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேராத பிரச்சினை பல வருடங்களாக உண்டு, "கொழுப்பு" என்று கொடுத்தால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். எனக்கு ஆர் மொழியில் ராக் (ragg) என்ற துணை நிரல் தொகுப்பு வழியாகப் படத்தைச் சேமித்தபோது எழுத்துகள் சரியாக வந்தன.

எண்களும் அப்படித்தான். 12,50,000 என்று பார்த்தால் பன்னிரண்டரை லட்சம் என்று உடனே வாய் சொல்லும், 1,250,000 என்று பார்த்தால் எண்ணிப் பார்க்க வேண்டும். எக்செல்லில் எண் வடிவத்துக்கான பெட்டியில் இதை ஒட்டினால் லட்சம், கோடி இடத்தில் காற்புள்ளி வரும்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

பூஜ்யத்துக்குக் கீழே போகும் குறை எண்களுக்கு இது வேலை செய்யாது, ஏனென்றால் இரண்டு நிபந்தனைகளுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. அதற்கு விண்டோஸின் வட்டார அமைப்பையே இந்தியாவுக்கு மாற்றிவிடுவதுதான் வழி.

இத்தனையும் முடிவு செய்து ஒரு பெரிய வழிகாட்டி ஆவணம் எழுதலாம், நல்ல தாளில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கலாம். அதை வேலை நெருக்கடியில் யாரும் திறக்கப் போவதில்லை, மார்ச் மாதக் கடைசியில் அறிக்கை முடிக்க ஓடும் ஒருவர் எண்ணைத் தேடிப்பிடித்து ஒவ்வொரு பட்டைக்கும் நிறம் தீட்டுவார் என்று எதிர்பார்ப்பதே தப்பு. அதனால் முடிவுகளை மென்பொருளுக்குள்ளேயே வைத்தோம். எக்செல்லில் பக்க அமைப்பு பகுதியில் நிறங்களை மாற்றி நம் பெயரில் ஒரு தீம் கோப்பாகச் சேமிக்கலாம். சார்ட்டை வலது சொடுக்கி டெம்ப்ளேட்டாகவும் சேமிக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, எக்செல்லுக்குப் பொருள் தெரியாது, வரிசை மட்டும்தான் தெரியும். முதல் நெடுவரிசைக்குத் தீமின் முதல் நிறம், இரண்டாவதுக்கு இரண்டாவது. எனவே அட்டவணையில் முதலில் முந்தைய ஆண்டு, அடுத்து இந்த ஆண்டு என்ற வரிசையையும் சேர்த்தே விதியாக்கினால்தான் சாம்பலும் நீலமும் தானாகச் சரியான இடத்தில் விழும். ஆண்-பெண் சார்ட்டுக்குத் தனி டெம்ப்ளேட், எடை நிலைக்குத் தனி டெம்ப்ளேட். அப்புறம் அதே தீமைப் பவர்பாயிண்டிலும் வேர்டிலும் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் எக்செல்லில் இருந்து நகலெடுத்து ஒட்டும்போது சார்ட் அங்கே உள்ள தீமின் நிறத்துக்கு மாறிக்கொள்ளும். எங்கள் அறிக்கைகளில் நிறம் தாறுமாறாகப் போனதற்கு யாருடைய அலட்சியமும் காரணம் இல்லை, பெரும்பகுதி இந்த ஒட்டும் வேலையில் நடந்தது.

விதிகள் எழுதிய தாள் ஒரே ஒரு பக்கம். அதில் நிறங்களின் பெயர், எண், எதற்கு, எதற்குக் கூடாது, கருப்பு வெள்ளையில் அவை எப்படித் தெரியும் என்ற மாதிரி. அது கணினிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை கருப்பு வெள்ளையில் அச்செடுத்து, அந்த சார்ட்டைச் செய்யாத ஒருவரிடம் நீட்டி, என்ன தெரிகிறது என்று கேட்பது மட்டும்தான் எங்கள் பரிசோதனை. அவர் சொல்லும் வாக்கியமும் சார்ட்டின் தலைப்பும் ஒன்றாக இல்லாவிட்டால் மறுபடி உட்கார வேண்டும்.

நிதி தருபவர்களில் சிலர் தங்கள் நிறத்தில்தான் சார்ட் வேண்டும் என்பார்கள். அட்டை, தலைப்பு, பக்க விளிம்பு எல்லாம் உங்கள் நிறம், சார்ட்டுக்குள் மட்டும் எங்கள் நிறம், ஏனென்றால் இதே சார்ட்டைப் படிக்கும் களப்பணியாளர் வேறு மூன்று திட்டத்தின் அறிக்கையையும் படிக்கிறார் என்று விளக்கியபோது பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்கு மட்டும் தனித் தீம் கோப்பு செய்து கொடுத்தோம், அது ஒன்றிய அலுவலகங்களுக்குப் போகாது.

மாற்றம் வேண்டும் என்று யார் கேட்டாலும் அதை எழுதிவைத்து, ஆண்டறிக்கை முடிந்தபின் மே மாதத்தில் மொத்தமாகப் பார்க்கிறோம், ஆண்டு நடுவில் எதையும் தொடுவதில்லை. கடந்த முறை மாற்றியது ஒன்றே ஒன்று: எடை நிலை சார்ட்டின் கருப்பு விளிம்பைத் தடிப்பாக்கினோம், பழைய புரொஜெக்டர் இருக்கும் அரங்கங்களில் மஞ்சள் பகுதி திரையோடு கலந்து போகிறது என்று களத்தில் இருந்து சொன்னார்கள். தீம் கோப்பின் பெயரில் ஆண்டைச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பி, பழையதைப் பொதுக் கோப்புறையில் இருந்து எடுத்துவிட்டோம்.